குப்பை பொறுக்க வைக்காமல் சுற்றுச்சூழலைப் பாடத்தோடு சேர்த்துச் சொல்லித்தருவது எப்படி?

கண்மாய்க்கரை எழுதியது:

வணக்கம். சிவகங்கைப் பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் ஏழாம், எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். சுற்றுச்சூழல் மன்றமும் என் பொறுப்பில்தான் இருக்கிறது. மன்றம் என்றால் என்ன நடக்கும் என்று இங்கே இருக்கும் ஆசிரியர்களுக்குத் தெரியும். ஜூன் 5, உலகச் சுற்றுச்சூழல் நாள் வந்தால் நாலு மரக்கன்று, ஒரு பேச்சுப் போட்டி, தெர்மாகோலில் ஒரு பூமி உருண்டை, போட்டோ எடுத்து குரூப்பில் போட்டுவிட்டால் அந்த வருடம் முடிந்தது. பிளாஸ்டிக்கை ஒழிப்போம் என்று பிள்ளைகள் எழுதிய சார்ட்டை பிளாஸ்டிக் உறை போட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறோம். அதைக் கடந்து போகும்போதெல்லாம் மனசு உறுத்துகிறது.

போன வருடம் வேறு மாதிரி செய்யலாம் என்று எட்டாம் வகுப்பைக் கண்மாய்க் கரைக்குக் கூட்டிப்போனேன். கரையோரம் கிடக்கும் குப்பையை அள்ளுவது, ஆளுக்கொரு சாக்கு. கையுறை கேட்டிருந்தேன், வரவில்லை, சரி பார்த்துச் செய்யலாம் என்று போய்விட்டோம். அரை மணி நேரத்துக்குள் உடைந்த பாட்டில் கிழித்து ஒரு பெண்ணுக்கு உள்ளங்கையில் மூன்று தையல். அது முழுக்க என் தவறு. ஆனால் அன்று சாயங்காலம் அவளுடைய அம்மா வந்து சொன்னது இன்னும் எனக்குள் கிடக்கிறது. "எங்க மாமியார் காலம் முழுக்க இதத்தான் சார் செஞ்சாங்க. இவ படிக்கணும்னுதான் இங்க அனுப்புனோம்." கத்தவில்லை, மெதுவாகத்தான் சொன்னார். அப்புறம் வீட்டுக்குப் போய் யோசித்துப் பார்த்தபோதுதான், நாற்றமெடுத்த பக்கம் இறங்கி நின்ற பிள்ளைகள் யார் யார், ஓரமாகச் சாக்கைப் பிடித்துக்கொண்டு நின்றவர்கள் யார் யார் என்பது ஒவ்வொரு முகமாகக் கண்முன் வந்தது. நான் பிரித்துவிடவில்லை. அவர்களாகவே அப்படிப் பிரிந்திருந்தார்கள், நான் அதைக் கவனிக்காமல் நின்றிருக்கிறேன்.

அதனால் இப்போது கேட்கிறேன். தனி நாள், தனி விழா எதுவும் வேண்டாம். 40 நிமிடப் பீரியடுக்குள், நடத்தியே ஆக வேண்டிய பாடத்துக்குள், பிள்ளைகள் கையால் செய்து பார்த்துக் கற்றுக்கொள்கிற மாதிரி என்ன செய்யலாம்? காசு கிடையாது. எந்தப் பிள்ளையும் கூலியாள் மாதிரி நடத்தப்படக் கூடாது, எந்த உயிரும் துன்பப்படக் கூடாது. நீங்கள் செய்து பார்த்ததைச் சொல்லுங்கள், யோசனையாக மட்டும் இருப்பதைவிட அதுதான் எனக்கு உதவும்.

கணக்கு டீச்சர் எழுதியது:

சார், அந்தப் பிள்ளையின் கை ஆறிவிட்டதா? அதை முதலில் சொல்லுங்கள்.

நான் நடுநிலைப் பள்ளியில் கணக்கு எடுக்கிறேன். எங்கள் பள்ளியில் கை கழுவும் இடத்தில் ஏழு குழாய். கடைசிக் குழாய் எந்நேரமும் சொட்டிக்கொண்டே இருக்கும். நேர்விகிதம் நடத்திய அன்று அதற்கு அடியில் ஒரு லிட்டர் பாட்டிலை வைத்துவிட்டு வந்து பாடத்தைத் தொடங்கினோம். நிரம்ப 40 நிமிடம், சரியாக ஒரு பீரியட். அப்படியென்றால் ஒரு நாளைக்கு 36 லிட்டர், மாதத்துக்கு 1,080 லிட்டர். பிள்ளைகளுக்கு லிட்டர் மனசில் பதியாது, குடம்தான் பதியும். 15 லிட்டர் குடம் என்று வைத்துப் போட்டால் 72 குடம். எங்கள் ஊரில் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு வரிசையில் நின்ற பிள்ளைகள் அவர்கள், அந்த 72 என்ற எண் வந்ததும் வகுப்பே அமைதியாகிவிட்டது. மறுநாள் எச்.எம். (தலைமை ஆசிரியர்) ஆள் வைத்து வாஷர் மாற்றிவிட்டார். இதை ஏன் சொல்கிறேன் என்றால், கணக்கு விடை நோட்டில் மட்டும் கிடந்தால் அது வெறும் கணக்கு. அதைச் சரிசெய்யக் கூடிய ஆளிடம் பிள்ளைகளே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும், ஏதாவது ஒன்று மாறியதை அவர்கள் கண்ணால் பார்க்க வேண்டும்.

இன்னொன்று, எனக்கு ரொம்பப் பிடித்தது. டிஜிட்டல் மின் மீட்டரில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு சிமிட்டிக்கொண்டே இருக்கும், கவனித்திருப்பீர்கள். எத்தனை முறை சிமிட்டினால் ஒரு யூனிட் என்பது மீட்டர் முகப்பிலேயே எழுதியிருக்கும். எங்களுடையதில் 3200. ஒரு மின்விசிறி 75 வாட் என்றால் நிமிடத்துக்கு நாலு சிமிட்டல். எட்டு மின்விசிறி ஓடினால் 32. பிள்ளைகள் நாலடி தள்ளி நின்று எண்ண வேண்டும், பெட்டியைத் தொடக் கூடாது, அதில் நான் கண்டிப்பு. ஒவ்வொரு வகுப்பாக அணைக்கச் சொல்லி எண்ணிக்கொண்டே வந்தோம். எல்லாவற்றையும் அணைத்த பிறகும் நிமிடத்துக்கு மூன்று முறை சிமிட்டியது. "டீச்சர், எங்கயோ எரியுது" என்று பிள்ளைகள் ஓடித் தேடினார்கள். பழைய பெஞ்சு அடுக்கி வைத்திருக்கும் அறையில் ஒரு 60 வாட் குண்டு பல்பு, எத்தனை மாதமாக எரிந்ததோ தெரியாது. நாள் முழுக்க எரிந்தால் 1.44 யூனிட், மாதத்துக்கு 43 யூனிட். அந்த வாரம் சதவீதப் பாடத்துக்கு வேறு உதாரணமே தேவைப்படவில்லை.

மழைக்காலம் வந்ததும் மொட்டை மாடி. ஒரு சதுர மீட்டரில் ஒரு மி.மீ. மழை பெய்தால் ஒரு லிட்டர். 20 மீட்டருக்கு 8 மீட்டர் மாடி என்றால் 160 சதுர மீட்டர், 25 மி.மீ. மழைக்கு 4,000 லிட்டர் விழுகிறது. அளவையில் இதைவிட நல்ல கணக்கு கிடையாது. மழைமானிக்குத் தண்ணீர் பாட்டிலின் கழுத்தை வெட்டித் தலைகீழாக அதன் மேலேயே கவிழ்த்தால் போதும். அடிப்பக்கம் மேடு பள்ளமாக இருக்கும், அதனால் கொஞ்சம் கூழாங்கல் போட்டு, பக்கச் சுவர் நேராகத் தொடங்கும் இடம் வரை தண்ணீர் ஊற்றி அதைப் பூஜ்யம் என்று கோடு போடுங்கள். முதல் தடவை அதைச் செய்யாமல் விட்டு எங்கள் அளவு முழுக்கத் தப்பாகப் போனது.

மதிப்பெண் பற்றிக் கவலை வேண்டாம் சார். வளரறி மதிப்பீட்டு 40 மதிப்பெண்ணில் செயல்பாட்டுக்கு என்று ஒரு பகுதி இருக்கிறதே, அதிலேயே இதைப் போடுங்கள். பெற்றோர் ஜெராக்ஸ் கடையில் காசு கொடுத்து ஒட்டுப்படம் வாங்கும் செலவும் மிச்சம்.

மூன்றாம் தெரு எழுதியது:

நான் ஆசிரியர் இல்லை. என் அப்பா நகராட்சியில் தூய்மைப் பணியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். நீங்கள் எழுதியதில் அந்த அம்மா சொன்ன வரியைப் படித்துவிட்டு வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அதை மறைக்காமல் எழுதியதற்கு நன்றி.

நான் ஏழாவது படிக்கும்போது "சுத்தம் பண்ண யார் வர்றீங்க" என்று கேட்கும் முன்பே என் பெயர்தான் வரும். வாத்தியார் கெட்டவர் இல்லை, அவருக்கு என் பெயர் சுலபமாக வாயில் வந்தது, அவ்வளவுதான். இருபத்தைந்து வருடம் ஆகிறது, இன்னும் மறக்கவில்லை. அதனால் தெருக்குப்பை, கண்மாய்க் குப்பை, கழிப்பறை மூன்றையும் பிள்ளைகள் பக்கமே கொண்டுவராதீர்கள். "விருப்பம் உள்ளவர்கள்" என்று சொல்லாதீர்கள், அப்படிச் சொன்னால் கையைத் தூக்குவது யார் என்று நீங்களே பார்த்துவிட்டீர்கள். அதற்குச் சம்பளம் கொடுத்து, பாதுகாப்பு உபகரணம் கொடுத்து ஆள் போட வேண்டியது நிர்வாகத்தின் வேலை.

குப்பையைப் பற்றிச் சொல்லித்தரவே கூடாது என்று நான் சொல்லவில்லை. தன் வகுப்பில் தான் போட்டதைப் பார்க்கட்டும். ஒரு வாரம் வகுப்புத் தொட்டியில் மிட்டாய் உறை, சிப்ஸ் உறை, பேனா ரீஃபில், காகிதம் எதெது எத்தனை என்று எண்ணி எழுதட்டும். கொட்டிக் கிளற வேண்டியதே இல்லை, போடும்போதே சுவரில் மாட்டிய தாளில் ஒரு கோடு போட்டால் போதும். வருகைப் பதிவேட்டு வரிசைப்படி எல்லோருக்கும் முறை வரட்டும், அந்த வரிசையில் உங்கள் பெயரும் இருக்கட்டும். அதுதான் முக்கியம், வாத்தியார் பெயர் அந்தத் தாளில் இருப்பதைப் பிள்ளைகள் பார்க்க வேண்டும். வாரக் கடைசியில் சிப்ஸ் உறைதான் அதிகம் இருக்கும் பாருங்கள். பளபளவென்று இருக்கும் அந்த உறை பல அடுக்கு சேர்த்து ஒட்டியது, பிரிக்க முடியாது, பழைய இரும்புக் கடைக்காரர் எடைக்கு எடுக்க மாட்டார். பேப்பரும் தண்ணீர் பாட்டிலும் எடுப்பார். ஏன் ஒன்றுக்கு விலை இருக்கிறது, இன்னொன்றுக்கு இல்லை என்பது அறிவியல் பாடம். அந்த உறையைச் சந்தையில் விடும் நிறுவனத்துக்கே அதைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பு உண்டு என்று 2016 பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகள் சொல்கின்றன, அது சமூக அறிவியல் பாடம். குப்பை என்றாலே குனிந்து பொறுக்குவது என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். அதை உண்டாக்கியவர் யார், சுமக்கிறவர் யார் என்று கேட்க அவர்களுக்கு யாரும் சொல்லித்தருவதில்லை.

உங்கள் ஊராட்சியில் தூய்மைக் காவலர்கள் இருப்பார்கள். முடிந்தால் ஒருவரை வகுப்புக்கு அழைத்து நாற்காலி போட்டு உட்கார வைத்துப் பேசச் சொல்லுங்கள். எந்தக் கழிவைப் பிரிக்காமல் போட்டால் கையைக் கிழிக்கும் என்று அவருக்குத் தெரிந்த மாதிரி வேறு யாருக்கும் தெரியாது. அன்றைய கூலி போகாத நேரமாகப் பார்த்துக் கூப்பிடுங்கள். சால்வை, போட்டோ எல்லாம் வேண்டாம். அவர் பிள்ளை அதே வகுப்பில் இருந்தால் முதலில் அந்தப் பிள்ளையிடம் தனியாகக் கேளுங்கள், அதற்குச் சங்கடம் என்றால் விட்டுவிடுங்கள்.

இலைச்சருகு எழுதியது:

உயிரியல் ஆசிரியை. மேலே இருவரும் சொன்னதோடு என் பங்குக்கு.

மரக்கன்று பற்றி முதலில். ஜூன் 5 அன்று நம் தென்மாவட்டங்களில் கன்று நடுவதை நான் நிறுத்திவிட்டேன். நமக்கு மழையில் பாதிக்குக் கிட்ட வடகிழக்குப் பருவத்தில், அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் வருகிறது. ஜூன் வெயிலில் நட்டுவிட்டு லீவு நாளில் தண்ணீர் ஊற்ற ஆள் இல்லாமல் அது காய்ந்து நிற்பதைப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டே இருப்பதில் என்ன கற்றுக்கொள்வார்கள்? புரட்டாசி கடைசியில் நடுங்கள். ஜூனில் விதை சேகரியுங்கள், வேம்பு அந்தச் சமயத்தில்தான் பழம் உதிர்க்கும். வேப்பங்கொட்டை வெகுநாள் தாங்காது, வாரக்கணக்கில் வைத்தால் முளைப்புத்திறன் போய்விடும். பத்து விதையை உடனே போடுங்கள், பத்தை ஒரு மாதம் கழித்துப் போடுங்கள், எத்தனை முளைத்தது என்று பிள்ளைகளே எண்ணட்டும். செலவே இல்லாத சோதனை.

அடுத்து சருகு. எல்லாப் பள்ளியிலும் காலையில் கூட்டிக் குவித்துத் தீ வைக்கிறார்கள், அந்தப் புகையில்தான் பிள்ளைகள் வழிபாட்டுக் கூட்டத்தில் நிற்கிறார்கள். எங்கள் பள்ளியில் மூன்று வாளிச் சருகுக்கு ஒரு வாளி சத்துணவுக் கூடத்துக் காய்கறித் தோல் என்று கலந்து, மூன்றடிக்கு மூன்றடி செங்கல் அடுக்கிக் குவியல் போட்டோம். சின்னதாகப் போட்டால் சூடு ஏறாது, இந்த அளவாவது வேண்டும். நடுவில் ஒரு இரும்புக் கம்பியைச் செருகி வைத்து, ஒரு வாரம் கழித்து உருவி என் கையில் தொட்டுப் பார்த்தால் பிடிக்க முடியவில்லை. நெருப்பே இல்லாமல் இது எப்படிச் சுட்டது என்று கேட்டான் ஒரு பையன். நுண்ணுயிரிகள் பாடத்தை அந்தக் கேள்வியிலிருந்துதான் ஆரம்பித்தேன். வெப்பநிலை அளக்க ஆல்கஹால் தெர்மாமீட்டர் வைத்துக்கொள்ளுங்கள், பாதரசம் உள்ளது வேண்டாம், உடைந்தால் ஆபத்து. முட்டை ஓட்டை நன்றாக நொறுக்கிப் போடுங்கள், அப்படியே போட்டால் ஆறு மாதம் கழித்தும் ஓடாகவே வரும்.

அமிலம், காரம் பாடத்துக்கு வேலியில் இருக்கும் சங்குப்பூ போதும். பூவைச் சுடுநீரில் ஊறவைத்தால் நீலச்சாறு, எலுமிச்சை விட்டால் ஊதா கலந்த சிவப்பு, சோப்புத் தண்ணீர் விட்டால் பச்சைப் பக்கம் போகும். கை கழுவும் தண்ணீரை இதில் சோதித்துவிட்டு, அதைத் தோட்டத்துக்கு விடலாமா என்று பிள்ளைகளையே விவாதிக்கச் சொன்னேன். வாழைக்கு விடலாம், கீரைக்கு வேண்டாம் என்று முடிவெடுத்தார்கள்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். வண்ணத்துப்பூச்சியைப் பிடித்துக் குத்தி வைப்பது, மீன் குஞ்சைப் பாட்டிலில் போட்டு மேஜையில் வைப்பது, கூட்டிலிருந்து முட்டை எடுத்துக் காட்டுவது, எதுவும் வேண்டாம். பறவையைத் தூரத்தில் நின்று எண்ணலாம். பொங்கல் விடுமுறையில் பறவைகள் கணக்கெடுப்பு 2015 முதல் நடக்கிறது, ஒரே இடத்தில் 15 நிமிடம் நின்று பார்த்ததை எல்லாம் எழுதி ஈபேர்ட் (eBird) என்ற பறவைப் பதிவு இணையதளத்தில் ஏற்றினால் அது உண்மையான ஆய்வுத் தரவோடு சேர்கிறது. உங்கள் கண்மாய்க்கு நத்தைக்குத்தி நாரையும் அரிவாள்மூக்கனும் வரும்தானே? அதே கரைக்கு இந்தத் தடவை சாக்கோடு போகாமல் நோட்டோடு போங்கள்.

தமிழ் ஐயா எழுதியது:

இதெல்லாம் அறிவியல், கணக்கு ஆசிரியர்களுக்கு மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். எங்களுக்கும் இதில் வேலை இருக்கிறது.

ஐந்திணைக்கும் பெயர் கொடுத்தது செடியும் கொடியும் மரமும்தான் என்று வகுப்பில் சொல்லிவிட்டுப் போய்விடுகிறோம். நான் ஒருமுறை எட்டாம் வகுப்பிடம், கண்மாயோடு தொடர்புள்ள சொற்களை வீட்டிலிருந்து கொண்டுவாருங்கள், ஆளுக்கு மூன்று போதும் என்றேன். மடை, கலுங்கு, வரத்துக்கால், உள்வாய், ஊருணி, ஏந்தல், தாங்கல், மடைத்தூம்பு என்று வந்து குவிந்தது. எனக்கே தெரியாத சொற்கள் நாலைந்து இருந்தன. அவற்றில் எனக்கு மறக்க முடியாதது நீர்பாய்ச்சி. எந்த வயலுக்கு எப்போது எவ்வளவு தண்ணீர் என்று பங்கு வைத்துத் திறந்துவிடும் ஆள். மடைக்குடும்பர் என்றும் சொல்வார்கள். ஊரே அவர் சொல்லுக்குக் காத்திருக்கும், ஆனால் பெரும்பாலும் நிலமில்லாத, ஊருக்கு வெளியே குடியிருக்க வைக்கப்பட்ட குடும்பங்களிலிருந்துதான் அவர் வந்தார். ஒரு பையன் "எங்க தாத்தா" என்று எழுந்து நின்றான். அதுவரை வகுப்பில் வாயே திறக்காத பையன். தமிழ்நாட்டில் ஏறக்குறைய 39,000 ஏரி, கண்மாய்கள் என்று கணக்குச் சொல்கிறோம், அவற்றை நடத்தத் தெரிந்தவர்கள் யார் என்று பாடத்தில் எங்கும் வருவதில்லை.

பெரியவர்களிடம் கேட்டு எழுதும்போது ஒரு முறை வைத்துக்கொண்டோம். எதற்காகக் கேட்கிறோம் என்று சொல்ல வேண்டும், சரி என்றால் மட்டும் எழுத வேண்டும், எழுதியதை அவர்களிடமே திரும்பக் கொண்டுபோய் வாசித்துக் காட்ட வேண்டும். ஒரு பாட்டி தன் பேரன் எழுதியதைக் கேட்டுவிட்டு இரண்டு இடத்தில் திருத்தினார். அந்தத் திருத்தத்தோடுதான் நோட்டில் இருக்கிறது.

முடிந்ததை எங்கே கொண்டுபோவது என்றால் கிராம சபை இருக்கிறது. இப்போது மார்ச் 22, உலகத் தண்ணீர் நாளிலும் கூட்டுகிறார்கள். கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் எங்கே அடைந்திருக்கிறது, எங்கே சீமைக் கருவேலம் மண்டியிருக்கிறது என்று பிள்ளைகள் ஒரு பக்கக் கடிதம் எழுதினார்கள், பெற்றோர் ஒருவர் அதை வாசித்தார். கடிதம் எழுதும் பாடம் அன்று முடிந்தது. வரத்துக்கால் இன்னும் முழுதாகச் சரியாகவில்லை. அதையும் பிள்ளைகளிடம் மறைக்கவில்லை, மறுபடி எழுதுவோம் என்றுதான் சொல்லியிருக்கிறேன்.

எச்.எம். தயங்கினால் ஒன்று சொல்லுங்கள். சுற்றுச்சூழல் கல்வி எல்லா நிலையிலும் கட்டாயம் என்று 1991-ல் எம்.சி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது, நாம் புதிதாக எதையும் நுழைக்கவில்லை.

கண்மாய்க்கரை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. கை ஆறிவிட்டது டீச்சர், தழும்பு இருக்கிறது.

மூன்றாம் தெரு, நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். "விருப்பம் உள்ளவர்கள்" என்றுதான் நானும் கேட்டேன். இனி வருகைப் பதிவேட்டு வரிசைதான், முதல் பெயர் என்னுடையது. அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போய் வந்தேன். மன்னிப்புக் கேட்டேன், இந்த வருடம் என்ன செய்யப் போகிறேன் என்றும் சொன்னேன். அம்மா டீ கொடுத்தார். குழாய்க் கணக்கைச் சொன்னபோது, "அதைப் பண்ணுங்க சார், எங்க தெருக்குழாயும் அப்படித்தான் ஓடுது" என்றார். அதையும் அளப்போம்.

திங்கட்கிழமை பாட்டிலில் தொடங்குகிறோம். சருகுக் குவியலுக்குச் சத்துணவு அமைப்பாளரிடம் பேசிவிட்டேன், தோலைத் தனி வாளியில் போடச் சம்மதித்தார். தமிழ் ஆசிரியரிடம் சொல் சேகரிப்பைச் சொன்னேன், நீர்பாய்ச்சி என்றதும் எங்கள் ஊரில் இன்னும் ஒருவர் இருக்கிறார் என்றார். வெள்ளிக்கிழமை பார்க்கப் போகிறோம், முதல் தடவை நாங்கள் இருவர் மட்டும்.

கணக்கு டீச்சருக்கு ஒரு கேள்வி. எங்கள் மீட்டர் த்ரீ பேஸ், முகப்பில் 3200 இல்லை, 800 என்று இருக்கிறது. அப்போது எப்படி எண்ணுவது?

கணக்கு டீச்சர் எழுதியது:

அதே முறைதான் சார், எண் மட்டும் மாறும். 800 என்றால் 75 வாட் மின்விசிறிக்கு நிமிடத்துக்கு ஒரே ஒரு சிமிட்டல். ஒரு நிமிடம் எண்ணினால் பிசகும், பத்து நிமிடம் எண்ணிப் பத்தால் வகுக்கச் சொல்லுங்கள். இரண்டு பிள்ளைகள் தனித்தனியாக எண்ணட்டும், விடை ஒத்துவராவிட்டால் மறுபடி. எல்லாவற்றையும் அணைத்த பிறகும் சிமிட்டினால் தண்ணீர்த் தொட்டி மோட்டார் ஓடுகிறதா என்று முதலில் பாருங்கள். திங்கட்கிழமை பாட்டில் எத்தனை நிமிடத்தில் நிரம்பியது என்று இங்கே எழுதுங்கள், என் வகுப்புப் பிள்ளைகளுக்கு அதைக் கணக்காகக் கொடுக்கிறேன்.